பெரிய பூச்சி – ஒன்று (சிறகுள்ளது)

சுற்றுச்சுவருக்குள் இருப்பதெல்லாம் அரசாங்கத்தின் சொத்து. இதைச் சந்தேகித்தவர் எவரும் பதவி உயர்வு பெற்றதாக வரலாறு இல்லை.

ஆற்றங்கரையில் இருந்த அந்த நீரேற்று நிலையத்துக்கும் ஒரு சுற்றுச்சுவர் இருந்தது. சுவருக்குள் ஒரு பதிவேடு இருந்தது. ‘பொறுப்பு ஒப்படைப்புப் பதிவேடு’ என்று அதன் அட்டையில் எழுதியிருக்கும். அந்த நிலையம் மின்சாரம் இல்லாமல் இருந்திருக்கிறது, மோட்டார் இல்லாமல் இருந்திருக்கிறது, ஒரு கோடையில் தண்ணீரே இல்லாமலும் இருந்திருக்கிறது. பதிவேடு இல்லாமல் ஒருநாளும் இருந்ததில்லை.

முன்னொரு காலத்தில் அங்கே ஒரு வாளி காணாமல் போனது. பதினொரு மாதம் விசாரணை நடந்தது. விசாரணை அதிகாரி அந்த வாளியைத்தான் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து விசாரித்தார் என்று ஒரு பேச்சு உண்டு. உண்மையோ பொய்யோ, முடிவில் ஓர் ஆணை வந்தது: “இனி, சுற்றுச்சுவருக்குள் காணப்படும் யாவும், அவை எத்தன்மையவாயினும், எண்ணிக்கையுடன் பதிவேட்டில் ஏற்றப்பட்டு, பொறுப்பு மாறும்போது ஒவ்வொன்றாக ஒப்படைக்கப்பட வேண்டும்.” வாளி கிடைக்கவில்லை. ஆணை கிடைத்தது. துறைக்கு அது போதுமானதாக இருந்தது.

அந்த நிலையத்தின் ஆபரேட்டரை எல்லோரும் ‘வால்வு அண்ணன்’ என்பார்கள். உடம்பு எப்படி என்று கேட்டால் “வால்வு சரியா இருக்கு” என்பார். ஊர் நிலவரம் கேட்டால் “வால்வை இன்னும் கொஞ்சம் திறக்கணும்” என்பார். எட்டு வருஷமாக அந்த ஆற்றங்கரையில் தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, தனியாக மோட்டாரோடு பேசிக்கொண்டிருந்தார். மனைவி வேறோர் ஊரில் தையல் கடை வைத்திருந்தாள். அந்த ஊரிலும் ஒரு நீரேற்று நிலையம் இருந்தது, வீட்டிலிருந்து இரண்டே தெரு தள்ளி. அங்கே மாற்றக் கோரி வருஷத்துக்கு ஒரு மனு வீதம் எட்டு மனு கொடுத்திருந்தார். எட்டும் பரிசீலனையில் இருந்தன. ஒன்பதாவது மனு கொடுத்த வாரமே மாறுதல் ஆணை வந்துவிட்டது. எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. யாரோ தவறுதலாகப் படித்துவிட்டார்கள் போலிருக்கிறது.

ஆணையின் அடியில் ஒரு வரி இருந்தது. பத்து நாளுக்குள் பொறுப்பை ஒப்படைத்து விடுபடாவிட்டால் மாறுதல் தானாகவே ரத்தாகும். இடம் பட்டியலில் அடுத்தவருக்குப் போகும்.

போனில் மனைவி நம்பவில்லை.

“நிஜமா வர்றீங்களா?”

“ஆர்டர் கையில இருக்கு.”

“ஆர்டர் கையில இருக்கட்டும். கால் எப்ப கிளம்பும்?”

“லிஸ்ட் எழுதணும், புது ஆள் சரிபார்க்கணும், கையெழுத்து வாங்கணும். மூணு நாள் வேலை.”

“எட்டு வருஷமா சட்டைக்கு அளவே எடுக்கல. இளைச்சீங்களா பெருத்தீங்களான்னுகூடத் தெரியல. வந்து நில்லுங்க, முதல்ல அளவெடுக்கணும்” என்றாள் அவள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் வால்வு அண்ணன் பதிவேட்டை விரித்து உட்கார்ந்தார். ஸ்பானர் நான்கு. வாளி இரண்டு. ஏணி ஒன்று. ஒரு கை இல்லாத நாற்காலி ஒன்று. பல்லிகளை யாரும் எழுதுவதில்லை. அவை நிலையத்துக்கு முந்தியவை. குறடு இரண்டு என்று எழுதி நிமிர்ந்தபோது, ஜன்னல் வழியாக ஏதோ படபடவென்று வந்து பதிவேட்டின் மேலேயே உட்கார்ந்தது.

ஒரு பூச்சி. ஆனால் பூச்சி என்று சொல்லிவிட்டுப் போகக்கூடிய அளவில் இல்லை. மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனிவரை நீளம். புகை நிறத்தில், வலைத்துணி போல நரம்போடிய நான்கு சிறகுகளை முதுகின் மேல் மடித்து வைத்திருந்தது. முகத்துக்கு முன்னால் இரண்டு தாடைகள், யானைத் தந்தம் போல நீண்டு, ஒன்றை ஒன்று குறுக்கே வெட்டிக்கொண்டு நின்றன.

வால்வு அண்ணன் அதைப் பார்த்தார். அது அவரைப் பார்த்தது. மனுஷன் சந்தோஷத்தில் இருந்தார். சந்தோஷத்தில் இருப்பவன் அரசாங்கப் பதிவேட்டைத் தொடக்கூடாது. ‘காணப்படும் யாவும், எத்தன்மையவாயினும்’ என்ற ஆணை நினைவுக்கு வர, சிரித்துக்கொண்டே அழகான கையெழுத்தில் எழுதினார்: “பெரிய பூச்சி – 1 (சிறகுள்ளது). உயிருடன்.”

அதோடு பட்டியல் மாடிக்குப் போனது. மாடியில் உதவிப் பொறியாளர் மேடம் பச்சை மையில் கையெழுத்திட்டார். படித்துப் பார்த்துக் கையெழுத்திடும் வழக்கம் அந்தத் துறையில் இல்லை. படித்தவர்கள் கையெழுத்திடாமல் போய்விடுகிறார்கள் என்பது அனுபவம்.

பச்சை மை பட்ட நொடியில் அந்தப் பூச்சி அரசாங்கச் சொத்தாகிவிட்டது. அதற்கு இது தெரியாது. வால்வறையின் சுவரில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தது.

நான்காம் நாள் புது ஆபரேட்டர் வந்தார். இளம் வயது, அதைவிட முதிய எச்சரிக்கை. போன இடத்தில் ‘ஏணி – 1’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, பார்த்தால் அது முக்காலியாக இருந்ததாம். அந்த முக்காலி எப்போது எப்படிக் குட்டையானது என்று விளக்கம் எழுதி எழுதியே அவருக்கு முடி கொட்டிவிட்டது. ஆகவே இந்தத் தடவை வாளிகளில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். நாற்காலியின் இல்லாத கை உண்மையிலேயே இல்லையா என்று தடவிப் பார்த்தார். கடைசியில் அந்த வரிக்கு வந்தார்.

“அண்ணே, இது என்ன?”

“பூச்சி, தம்பி.”

“பூச்சின்னா?”

“அதோ, சுவர்ல.”

புது ஆபரேட்டர் சுவரைப் பார்த்தார். ஓரடி பின்னால் போனார். பிறகு பதிவேட்டுக்கு வந்தார். “பெயர் போடற கட்டம் காலியா இருக்கே?”

“பெயர் தெரியலப்பா.”

“பெயர் தெரியாத பொருளுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது? நாளைக்கு இது கொசுன்னு சொல்லி, கொசு வளர்த்தேன்னு என்மேல கேஸ் போட்டா?”

“சும்மா சந்தோஷத்துல எழுதிட்டேன் தம்பி. அடிச்சுடறேன்.”

“அடிக்கறதா!” புது ஆபரேட்டர் பதிவேட்டைக் குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். “பச்சை மை விழுந்தாச்சு அண்ணே. மேடம்கிட்ட போகலாம்.”

மேடம் கெட்டவர் இல்லை. அவர் மேசையில் எப்போதும் இரண்டு கோப்புகள் இருக்கும். ஒன்றைப் பார்க்கும்போது இன்னொன்றின் மேல் கைக்குட்டையைப் போட்டு மூடி வைப்பார், பார்த்தால் கவலை வருகிறது என்று. விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்தார்.

“இப்படி ஒரு வரி இருக்கிறதை எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நீங்க படிப்பீங்கன்னு நினைச்சேன் மேடம்.”

“எத்தனை வருஷம் சர்வீஸ் உங்களுக்கு?” என்று கேட்டார் மேடம், நிஜமான வருத்தத்தோடு. பிறகு விதிப்புத்தகத்தைப் புரட்டினார். “பதிவேட்டுப் பொருளைக் கழிக்கணும்னா நாலே காரணம்தான். தொலைந்தது, திருடப்பட்டது, உடைந்தது, உபயோகித்துத் தீர்ந்தது.”

“பறந்து போச்சுன்னு எழுதலாமே?”

“அது தொலைந்ததுல வரும். தொலைந்ததுன்னா விசாரணை. வாளிக்கே பதினொரு மாசம். இதுக்குச் சிறகு வேற இருக்கு.”

“உபயோகித்துத் தீர்ந்தது?”

“நீங்க அதைச் சாப்பிட்டதா எழுதணும். எந்த அதிகாரத்துல சாப்பிட்டீங்கன்னு கேப்பாங்க.” மேடம் புத்தகத்தை மூடினார். “ஒரே வழிதான். பெயரைக் கண்டுபிடிங்க. பெயர் விழுந்தா அவர் கையெழுத்து, அவர் கையெழுத்து விழுந்தா உங்களுக்கு விடுதலை. ஆறு நாள் இருக்கு.”

வால்வு அண்ணன் பூச்சியைப் பிடித்து, வாளியில் வைத்து, மேலே வலைத்துணி கட்டினார். ஈரக் கல் ஒன்றை உள்ளே போட்டார். ஆற்றில் வலை வீசிக்கொண்டிருந்த மீனவரைக் கூப்பிட்டுக் காட்டினார். மீனவர் எட்டிப் பார்த்துவிட்டு, பீடியை வாயிலிருந்து எடுக்காமலே சொன்னார்:

“குறட்டுப்பூச்சி. ஆத்துக்குள்ள கல்லுக்கு அடியில மூணு வருஷம் புழுவாவே கிடக்கும். அப்புறம்தான் கரையேறி சிறகு முளைக்கும்.”

“கடிக்குமா?”

“இது ஆம்பளை. பார்க்கத்தான் பயங்கரம். இம்மாம் பெரிய தாடையை வெச்சுக்கிட்டு ஒரு காகிதத்தைக்கூடக் கிழிக்காது. பொம்பளைக்குத் தாடை சின்னதா இருக்கும், தெரியவே தெரியாது. அது கடிச்சா கையை உதறிக்கிட்டு ஓடுவீங்க.”

வால்வு அண்ணனுக்கு ஏனோ தலைமைப் பொறியாளரும் அவருடைய அலுவலகக் குமாஸ்தாவும் நினைவுக்கு வந்தார்கள்.

“சிறகு முளைச்ச பிறகு எத்தனை நாள் இருக்கும்?”

“ஒரு வாரம் தாண்டாது” என்றார் மீனவர். “மூணு வருஷம் காத்துக் கிடந்து ஒரு வாரம். அதுலயும் நீங்க வாளியில போட்டுட்டீங்க.”

வால்வு அண்ணன் வாளியின் வலைத்துணியைக் கொஞ்சம் தளர்த்தினார். எட்டு வருஷக் கணக்கு ஒன்று அவரிடமும் இருந்தது.

மாடிக்கு ஓடினார். மேடம் பேனாவை எடுத்தார். “சொன்னது யார்? என்ன படிப்பு?”

“மீன் பிடிக்கிறவர் மேடம். ஆத்துலயே பிறந்து வளர்ந்தவர்.”

மேடம் பேனாவை வைத்தார். “மீனா இருந்தா அவர் வார்த்தையை எடுத்துக்கலாம். பூச்சிக்கு எப்படி எடுக்கறது?”

கல்லூரியில் பூச்சியியல் பேராசிரியர் ஒருவர் இருந்தார். போனில் பேசினார். அனுப்பி வைக்கலாம், ஆனால் உயிரோடு வாங்கமாட்டார். கொன்று, ஊசி குத்தி, பெட்டியில் வைத்து அனுப்ப வேண்டும். ஆறு மாதத்தில் பெயர் சொல்வார். பதிவேட்டில் ‘உயிருடன்’ என்று இருந்தது. கொன்றால் ‘உடைந்தது’ என்ற பிரிவில் வரும் என்று மேடம் சொன்னார். பேராசிரியருக்குச் செத்த பூச்சியைத்தான் தெரியும், துறைக்கு உயிருள்ள பூச்சிதான் வேண்டும். இருவருக்கும் நடுவில் வாளியில் அது தன் தந்தங்களை மெதுவாக ஆட்டிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் மனைவி அழைத்தாள்.

“கிளம்பியாச்சா?”

“பூச்சிக்குத் தண்ணி தெளிச்சுக்கிட்டு இருக்கேன்.”

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தையல் மிஷின் நின்றது.

“எதுக்கு?”

முழுக்கச் சொன்னார். அவள் முழுக்கக் கேட்டாள்.

“என்னை ஒருநாள் இப்படிப் பார்த்துக்கிட்டதுண்டா நீங்க?” என்றாள். “அதுக்குத் தாடை பெருசுன்னு சொல்றீங்க, எனக்கும் வாய் பெருசுதான். பதிவேட்டுல என்னையும் எழுதியிருந்தா நானாவது அங்க வந்திருப்பேன்.”

ஆறாம் நாள் சங்கச் செயலாளர் வந்து சேர்ந்தார். தோழர்கள் அவரை ‘துண்டறிக்கை’ என்பார்கள். முப்பது வருஷமாகப் போராடியவர். நாற்பத்தொரு அம்சக் கோரிக்கைப் பட்டியல் ஒன்று அவர் சட்டைப் பையில் எப்போதும் மடித்திருக்கும். கிணற்றில் இறங்கும் தொழிலாளிக்கு இடுப்புப் பட்டை வேண்டும் என்பது முதல் அம்சம். பெண் ஆபரேட்டர்களுக்குக் கழிப்பறை வேண்டும் என்பது இரண்டாவது. அந்தக் காகிதம் மடிப்பில் மடிப்பில் கிழிந்து, பத்தொன்பதாவது அம்சம் என்னவென்று இப்போது அவருக்கே தெரியாது. நாற்பத்தொன்றில் ஒன்றுகூட நிறைவேறவில்லை. ஆனால் எல்லாமே ‘கனிவுடன்’ பரிசீலிக்கப்பட்டு வந்தன.

வாளிக்குள் எட்டிப் பார்த்தார். “தோழர், இது நிரந்தரமா, தற்காலிகமா?”

“ஒரு வாரம்தானாம்.”

“தற்காலிகம்” என்று குறித்துக்கொண்டார் துண்டறிக்கை. “சுரண்டல்.”

“பூச்சியை விடுங்க தோழர், என்னை விடுவிக்கச் சொல்லுங்க. நாலு நாள்தான் இருக்கு.”

“கட்டாயம். ஆனா ஒரு சிக்கல். மத்த நிலையத்துத் தோழர்கள் காலையிலேர்ந்து போன் பண்றாங்க. கொந்தளிச்சுப் போயிருக்காங்க.”

“எனக்காகவா?” வால்வு அண்ணன் கண் கலங்கிவிட்டது.

“இல்ல. உங்க நிலையத்துக்கு மட்டும் பூச்சி குடுத்திருக்காங்களே, எங்களுக்கு ஏன் இல்லைன்னு கேக்கறாங்க. நியாயமான கேள்வி. இது மாற்றாந்தாய் மனப்பான்மை.”

“தோழர், யாரும் குடுக்கல. அதுவா வந்துச்சு.”

“அப்படித்தான் நிர்வாகம் சொல்லச் சொல்லும்” என்றார் துண்டறிக்கை, இரக்கத்தோடு தோளைத் தட்டி.

மறுநாள் காலை எல்லா நிலையங்களின் வாசலிலும் சிவப்பு எழுத்துத் துண்டறிக்கை பறந்தது. ‘ஒரு நிலையத்துக்குப் பூச்சி, மறு நிலையத்துக்குப் பூஜ்யமா?’ ‘நிலையத்துக்கொரு பூச்சி வழங்கு! சிறகோடு வழங்கு!’ கோஷம் நன்றாக அமைந்துவிட்டது. கழிப்பறைக்கும் இடுப்புப் பட்டைக்கும் இத்தனை வருஷமாக இப்படி ஒரு கோஷம் அமையவில்லை. பெண் ஆபரேட்டர்கள்கூட அடக்கிக்கொண்டு வந்து நின்று முழங்கினார்கள்.

இதற்கிடையில் துறையில் அந்த ஆண்டு ‘செயலி ஆண்டு’ என்று அறிவிக்கப்பட்டிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ‘புன்னகை ஆண்டு’. புன்னகைக்காத இருவர் தற்காலிகமாக நீக்கப்பட்டார்கள். செயலி ஆண்டில் எதையும் போனில் உள்ள செயலி மூலமே செய்ய வேண்டும். மேடத்துக்குத் திடீரென்று இது நினைவுக்கு வந்தது. பொருளைப் படம் பிடித்தால் பெயர் சொல்லும் செயலி ஒன்று அவர் போனில் இருந்தது. வாளியின் மேல் போனை நீட்டினார்.

செயலி யோசித்தது. ‘நீள்தாடை நீர்ப்பூச்சி – 62 சதவீதம்’ என்றது.

“அறுபத்திரண்டு!” என்றார் மேடம். “முதல் வகுப்புல தேறியிருக்கு!”

வால்வு அண்ணன் வாழ்க்கையில் முதன்முறையாக மேலதிகாரி முன்னால் கை தட்டினார். மேடம் உடனே தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தார். குமாஸ்தா எடுத்தார். மெல்லிய குரல்.

“ஒரே ஒரு கொட்டேஷனா மேடம்?” என்று கேட்டார் குமாஸ்தா. “துடைப்பம் வாங்கறதுக்கே மூணு கேப்போமே.”

“இது பூச்சிங்க.”

“வெளியிலேர்ந்து வாங்கற எதுக்கும் மூணு. பெயர் வெளியிலேர்ந்துதானே வாங்கறீங்க? விதி பதினேழு.”

கடி மெதுவாகத்தான் இருந்தது. ஆனால் மேடம் கையை உதறினார்.

ஆகவே மூன்று விலைப்புள்ளிகள் கோரப்பட்டன. இரண்டாவது புது ஆபரேட்டரின் போன். அது ‘தும்பி – 71 சதவீதம்’ என்றது. மூன்றாவது காவலாளியின் போன். அதன் கண்ணாடி நடுவில் விரிசல் விட்டிருந்தது. பூச்சி அதில் இரண்டு துண்டாகத் தெரிந்தது. அது வெகுநேரம் சுழன்று, கடைசியில் வெட்கப்படுவது போல மெதுவாகச் சொன்னது: ‘குடை – 19 சதவீதம்.’

மேடம் முறைப்படி ஒப்பீட்டு அறிக்கை தயாரித்தார். மூன்று கட்டம், மூன்று பெயர், மூன்று எண். பேனா மூன்றாவது கட்டத்தின் மேல் போய் நின்றது.

“என்ன மேடம்?” என்றார் வால்வு அண்ணன்.

“குறைச்சலா யார் சொல்லியிருக்காங்களோ அவங்களைத்தான் எடுக்கணும்.”

“பத்தொன்பதா? அது குடைங்க மேடம்!”

“அதிகமா சொன்னதை எடுத்தா தணிக்கையில கேள்வி வரும். எழுபத்தொண்ணுல என்ன உள்நோக்கம்னு கேப்பாங்க. இந்தத் துறையில குறைச்சலை எடுத்ததுக்காக யாரும் மாட்டினதே இல்ல.”

“மேடம், உங்க கண்ணு முன்னாலதான் இருக்கு. இது குடையா?”

“என் கண்ணுக்குத் தெரியுதுங்க” என்றார் மேடம், பாவம், தாழ்ந்த குரலில். “கண்ணு கொட்டேஷன் குடுக்காது.”

பத்தாம் நாள் காலை தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு ஆணைகள் ஒரே உறையில் வந்தன. முதலாவது: “மேற்படி பூச்சி இந்நாள் முதல் எல்லா அலுவல் நோக்கங்களுக்கும் குடை எனக் கருதப்படும்.” இரண்டாவது: “சங்கத்தின் நாற்பத்திரண்டாவது கோரிக்கையை ஏற்று, அனைத்து நிலையங்களின் பதிவேடுகளிலும் ‘குடை – 1 (சிறகுள்ளது)’ என்று ஒரு வரி உடனே சேர்க்கப்பட வேண்டும்.” துண்டறிக்கை வெடி வெடித்துக் கொண்டாடினார். முப்பது வருஷத்தில் முதல் வெற்றி. ஒரு வரி எழுதுவதற்குச் செங்கலோ சிமெண்டோ தேவைப்படவில்லை என்பதால் கோரிக்கை மூன்றே நாளில் நிறைவேறிவிட்டது என்று சில பொறாமைக்காரர்கள் சொன்னார்கள். அவர்கள் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார்கள்.

அன்று காலையிலேயே வாளிக்குள் பூச்சி அசையாமல் கிடந்தது. சிறகு மடிந்தபடியே இருந்தது. வால்வு அண்ணன் அதைக் கையிலெடுத்து ஆற்றங்கரையில் ஒரு கல்லுக்கு அடியில் வைத்தார். பிறகு அறைக்குப் போய், ஆணியில் மாட்டியிருந்த தன் சொந்தக் கறுப்புக் குடையை எடுத்துக்கொண்டு புது ஆபரேட்டரிடம் வந்தார்.

“இந்தா தம்பி. குடை ஒண்ணு.”

புது ஆபரேட்டர் பதிவேட்டைப் பார்த்தார். “சிறகுள்ளதுன்னு போட்டிருக்கே?”

“விரிச்சுப் பாரு.”

விரித்தார். படபடவென்று விரிந்தது. மடக்கினார், மறுபடி விரித்தார். அவர் முகம் தெளிந்தது. “உயிருடன்னு இருக்கே?”

“காத்துல பிடி.”

ஆற்றுக் காற்றில் குடை துள்ளியது. கையைவிட்டுப் போகப் பார்த்தது.

“இருக்குண்ணே” என்று திருப்தியோடு கையெழுத்திட்டார் புது ஆபரேட்டர்.

மறுநாள் மதியம் வால்வு அண்ணன் மனைவி ஊர் நிலையத்தின் வாசலில் பெட்டியோடு நின்றார். இரண்டு தெரு தள்ளி வீடு. மனைவி கழுத்தில் அளவு நாடாவோடு வாசலுக்கே வந்துவிட்டாள். பெட்டியை வாங்கி அங்கேயே வைத்துவிட்டு, தோளை அளந்து, “ரெண்டு அங்குலம் போயிடுச்சு” என்றாள்.

“ஒரு கையெழுத்து, வந்துடறேன்” என்றார் அவர்.

அங்கே பொறுப்பில் இருந்தவர் ஒரு பெண். கைப்பையைத் தோளில் மாட்டியபடியே தயாராக நின்றாள். அவளுக்கும் மாறுதல்; புருஷன் வேலை பார்க்கும் ஊருக்கு. குழந்தை அங்கே இருந்தது. நாலு மணிக்குப் பஸ்.

“வாங்கண்ணே. எல்லாம் சரியா இருக்கு. ஸ்பானர் ஆறு, வாளி மூணு, குடை ஒண்ணு சிறகுள்ளது. இங்க ஒரு கையெழுத்து.”

ஆணியில் ஒரு நீலக் குடை தொங்கியது. பூப்போட்டது. வால்வு அண்ணன் அதை எடுத்தார். விரித்தார். மடக்கினார்.

“இது உன்னோட சொந்தக் குடையாம்மா?”

அவள் கையைப் பிசைந்தாள். “எழுதச் சொல்லி ஆர்டர் வந்துச்சு, பொருள் வரல. என்ன பண்றது?”

“இது வெறும் குடைம்மா. நிஜம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். இத்தனை நீளம். முன்னால ரெண்டு தாடை.”

“நீங்க அங்க எதை ஒப்படைச்சீங்க?”

“என் குடையைத்தான்.”

“அப்போ?”

“அதனாலதான் சொல்றேன்” என்றார் வால்வு அண்ணன், அனுபவத்தின் பாரத்தோடு. “அந்தத் தம்பிக்கு விவரம் பத்தல, போட்டுட்டான். நான் போட்டா, நாளைக்கு ஓய்வு பெறும்போது எங்கிட்ட யாராவது நிஜத்தைக் கேப்பாங்க. ஆத்துல போய்த் தேடு, இல்லேன்னா விளக்குப் பக்கத்துல பாரு. ஆணா இருந்தா நல்லது.”

“அண்ணே, நாலு மணிக்குப் பஸ்ஸு! குழந்தை அழுதுட்டு இருக்கும்!”

“எனக்கும் வீடு ரெண்டு தெருதான்மா. நானும்தான் நிக்கறேன்.”

மனைவி வாசலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். “போட்டுட்டு வாங்க” என்றாள்.

“உனக்கு இது புரியாது” என்றார் அவர்.

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கைப்பையைக் கழற்றி மேசையில் வைத்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அவள் குரல் மாறிவிட்டது.

“சரி. நீங்கதான் வரவேண்டிய ஆள்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“ஆர்டர் இருக்கே.”

“ஆர்டர் இருக்கு. ஆர்டர்ல இருக்கிற ஆள் நீங்கதானா? பொறுப்பு வாங்கறவரை அடையாளம் கண்ட பிறகுதான் சாவியைக் குடுக்கணும். மூணு கொட்டேஷன் வேணும்.”

விதி வால்வு அண்ணனுக்கும் தெரியும். சட்டையைச் சரிசெய்துகொண்டு நேராக நின்றார்.

அவள் தன் போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். ‘ஆண், நடுத்தர வயது – 91 சதவீதம்.’ வாசல் காவலாளி தன் போனை நீட்டினார். ‘நீர்மூழ்கி மோட்டார் – 54 சதவீதம்.’

இருவரும் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்கள். வால்வு அண்ணனும் பார்த்தார்.

அவள் போனை முந்தானைக்குள் இறுக்கிக்கொண்டாள்.

“நான் எடுக்கமாட்டேன். என் போன் பழசு, என்ன சொல்லும்னு தெரியாது. குறைச்சலாத்தானே எடுப்பீங்க? ஆட்டுரல்னு ஒண்ணு ரெண்டு சதவீதத்துல வந்துட்டா, அதுதான் இவர்னு முத்திரை குத்தி எங்கிட்ட குடுப்பீங்க. எட்டு வருஷம் காத்திருந்துட்டு, நான் ஆட்டுரலோட எப்படிக் குடும்பம் நடத்தறது?”

அவள் சொன்னதில் நியாயம் இருப்பதாக மூவருக்குமே பட்டது. மூன்றாவது விலைப்புள்ளி வராததால், மறு விலைப்புள்ளி கோரி மேலிடத்துக்கு எழுதினார்கள். வால்வு அண்ணன்தான் வாசகம் சொன்னார். அதில் அவருக்கு நல்ல பழக்கம் இருந்தது.